ஜிமேட் 605-லேயே நிற்கிறது, மூன்று மாதமாக அசையவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பட்டர்வொர்த்காரன் எழுதியது:

வணக்கம். எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை எழுதியவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு பட்டர்வொர்த்தில், வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். பொறியியல் படித்தவன், கணக்கு என்றால் எனக்குப் பயம் கிடையாது. ஜனவரியில் படிக்க ஆரம்பித்தேன். முதல் மாதிரித் தேர்வில் 565 வந்தது. ஒரு மாதம் கழித்து 595. சரி, இதே வேகத்தில் போனால் மே மாதத்துக்குள் 655-ஐத் தொட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதன்பிறகு வந்தது 605, 595, 605, 605. அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளில் முதல் நான்கையும் எழுதிவிட்டேன், முதல் இரண்டை மறுபடியும் எழுதினேன், அப்போதும் இதே கதைதான். கடைசியாக எழுதியதில் குவான்ட் (கணக்கு) 82, வெர்பல் (ஆங்கில வாசிப்பும் வாதமும்) 80, டேட்டா இன்சைட்ஸ் (தரவு அலசல்) 78.

உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒன்றரை மணி நேரம், அப்புறம் பாலத்தைக் கடந்து வேலை, இரவு பிள்ளை தூங்கிய பிறகு இன்னும் ஒரு மணி நேரம். சனிக்கிழமை ஓவர்டைம் முடித்து வந்து இரவு ஒன்பது மணிக்கு மாதிரித் தேர்வு. இதுவரை 1,800 கேள்விகளுக்கு மேல் செய்திருப்பேன். தவறுகளை எக்செலில் குறித்து வைக்கிறேன்: கேள்வி எண், தலைப்பு, காரணம். இணையத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன், அங்கே கேட்டால் இன்னும் நிறையக் கேள்வி செய்யுங்கள் என்று சொல்லி இன்னொரு ஆயிரம் கேள்விக்கான தொகுப்பை வாங்கச் சொன்னார்கள். வாங்கியும் செய்தேன்.

கோலாலம்பூரில் இருக்கும் ஏஷியா ஸ்கூல் ஆஃப் பிஸ்னஸுக்கும் சிங்கப்பூரில் இரண்டு இடங்களுக்கும் விண்ணப்பிக்க நினைக்கிறேன். என் மேலாளர் 2016-ல் 680 வாங்கியவர். 605 என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். மனசு சோர்ந்துபோய்விட்டது, அதுதான் உண்மை. மனைவி ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் அழைத்துப் போகவில்லை. என்னுடைய எல்லையே இவ்வளவுதானா? இல்லை, வேறு மாதிரிப் படிக்க வேண்டுமா?

கிள்ளான் வாசகன்:

தம்பி, முதலில் அந்த 680-ஐ மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் மேலாளர் எழுதியது பழைய தேர்வு, அது 2024 ஜனவரி 31-ஓடு முடிந்துபோனது. அதன் அளவுகோல் 200-லிருந்து 800 வரை, எல்லா மதிப்பெண்ணும் சுழியத்தில் முடியும். இப்போது இருப்பது 205-லிருந்து 805 வரை, எல்லாமே ஐந்தில் முடியும். இரண்டும் வேறு வேறு அளவுகோல். பழைய 700 வாங்கியவர் நின்ற இடத்தில் இன்று ஏறக்குறைய 645 வாங்கியவர் நிற்கிறார். 605-க்கும் 645-க்கும் நடுவே இருப்பது நாற்பது புள்ளிதான், நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தூரம் இல்லை.

இரண்டாவது, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, ஓவர்டைம் முடித்த உடம்போடு மாதிரித் தேர்வு எழுதினால் அது உங்கள் களைப்பைத்தான் அளக்கும். அதை உடனே நிறுத்துங்கள். ஐந்தாவது, ஆறாவது மாதிரித் தேர்வுகளை இப்போது தொடவே தொடாதீர்கள். எழுதியதையே மறுபடி எழுதும்போது பழைய கேள்விகள் சில திரும்ப வரும், அதனால் அந்த எண்ணையும் நம்ப முடியாது.

செந்தூல் அக்கா:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் என்னுடைய பழைய நோட்டைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது. நானும் பத்து வாரம் 605-ல் நின்றவள். அப்புறம் 665 வந்தது. என்ன மாறியது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் எக்செலில் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? "கவனக்குறைவு" என்று எத்தனை இடத்தில் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். என்னுடையதில் பாதிக்கு மேல் அதுதான் இருந்தது. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியை மூடிவிடலாம், அடுத்த முறை கவனமாக இருந்தால் போதும் என்று மனசும் ஆறுதல் அடைந்துவிடும். ஆனால் அடுத்த முறையும் அதே இடத்தில்தான் விழுவோம், ஏனென்றால் எதைக் கவனிக்க வேண்டும் என்று நாம் எழுதி வைக்கவே இல்லை. நான் அந்தச் சொல்லுக்கு என் நோட்டில் தடை போட்டேன். ஒவ்வொரு தவறுக்கும் முழு வாக்கியமாக எழுத வேண்டும்: எந்த வரியைப் படித்தபோது என்ன நினைத்தேன், அந்த நினைப்பு ஏன் தப்பு, அடுத்த முறை எதைப் பார்த்ததும் நிற்க வேண்டும்.

ஒரு கேள்வி சொல்கிறேன், நானே போட்டது, ஆனால் டேட்டா சஃபிஷியன்சியில், அதாவது கொடுத்த கூற்றுகள் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கிற வகையில், இந்த மாதிரி நிறைய வரும். ஒரு சாப்பாட்டுக் கடையில் நாசி லெமாக் 5 வெள்ளி (ரிங்கிட்), மீ கோரெங் 7 வெள்ளி. ஒருவர் இரண்டிலும் சில பொட்டலங்கள் வாங்கினார். நாசி லெமாக் எத்தனை? முதல் கூற்று: மொத்தம் 31 வெள்ளி கொடுத்தார். இரண்டாவது கூற்று: மொத்தம் 5 பொட்டலம் வாங்கினார்.

உங்களைப் போல் கணக்கில் பயம் இல்லாதவர் என்ன செய்வார் என்றால், தெரியாதவை இரண்டு, அதனால் சமன்பாடு இரண்டு வேண்டும், ஆகவே இரண்டு கூற்றும் சேர்ந்தால்தான் போதும் என்று இருபது வினாடியில் அழுத்திவிட்டுப் போய்விடுவார். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் பொட்டலத்தை அரையாக வெட்டி விற்க மாட்டார்கள். மீ கோரெங் ஒன்று என்றால் மீதி 24, அதை ஐந்தால் வகுக்க முடியாது. இரண்டு என்றால் மீதி 17, முடியாது. மூன்று என்றால் மீதி 10, நாசி லெமாக் இரண்டு. நான்கு என்றால் மீதி 3, முடியாது. ஆக 31 வெள்ளிக்கு ஒரே ஒரு வழிதான். முதல் கூற்று தனியாகவே போதும். இரண்டாவது கூற்று தனியாகப் போதாது.

சரி, அப்படியென்றால் முழு எண் வந்தாலே ஒரு சமன்பாடு போதும் என்று எழுதிவைக்கலாமா? கூடாது. அதே கடையில் 47 வெள்ளி என்று மாற்றிப் பாருங்கள். எட்டு நாசி லெமாக்கும் ஒரு மீ கோரெங்கும் 47 வெள்ளி, ஒரு நாசி லெமாக்கும் ஆறு மீ கோரெங்கும்கூட 47 வெள்ளி. போதாது. அதனால் என் நோட்டில் எழுதியது இதுதான்: "எண்ணக்கூடிய பொருள் என்று பார்த்ததும் நில். இரண்டு தெரியாதவை, ஒரு தொகை என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார், ஒன்றுதான் பொருந்துகிறதா என்று கடைசிவரை பார்." இப்படி எழுதிய ஒரு வாக்கியம் ஐம்பது புதிய கேள்வியைவிட எனக்கு உதவியது.

எழுதும்போது தவறுகள் மூன்று வகையாகத் தானாகப் பிரியும். சில விஷயம் உண்மையிலேயே தெரியாது, புத்தகத்துக்குத் திரும்பப் போக வேண்டும். சில விஷயம் தெரியும், ஆனால் கேள்வியின் உடைக்குள் அதை அடையாளம் காண முடியாது, மேலே சொன்னது அந்த வகை. இன்னும் சில, தெரியும், கண்டும் பிடித்தோம், நேரம் போய்விட்டது. 605-ல் நிற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நடு வகைதான் அதிகம் என்பது என் எண்ணம், அந்த வகைக்குப் புதிய கேள்விகளை அள்ளிப் போடுவதால் எந்தப் பயனும் இல்லை. எந்த வகை என்று தெரிய, தவறான கேள்வியை விடையைப் பார்க்காமல், கடிகாரத்தையும் பார்க்காமல் மறுநாள் மறுபடி செய்யுங்கள். நேரம் கொடுத்தும் வரவில்லை என்றால் அது நேரப் பிரச்சினை இல்லை.

அப்புறம் வெர்பல். கிரிட்டிக்கல் ரீசனிங்கில், அதாவது ஒரு வாதத்தை எடைபோடுகிற கேள்விகளில், நான் செய்தது ஒரே ஒரு மாற்றம், ஆனால் அதுதான் என் வெர்பலை 80-லிருந்து 84-க்குக் கொண்டுபோனது. ஆங்கிலத்தில் பத்தியைப் படித்ததும் விடைகளுக்குப் போகாமல், இந்த ஆள் என்ன சொல்ல வருகிறார், எதை வைத்துச் சொல்கிறார் என்று தமிழில் ஒரே மூச்சில் எனக்கே சொல்லிக்கொள்வேன். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், இன்றும் வாய்ப்பாடு தமிழில்தான் வரும், சண்டையும் தமிழில்தான் வரும். ஆங்கிலத்தில் படிக்கும்போது சரியென்று பட்ட வாதம் தமிழில் சொல்லிப் பார்த்தால் ஓட்டை தெரியும். உதாரணம்: "போன வருடம் ரயிலில் ஆள் கூடிவிட்டது, ஆகவே சாலையில் நெரிசல் குறைந்திருக்கும்." தமிழில் சொன்னதும் எங்கள் அம்மா கேட்கிற மாதிரி ஒரு கேள்வி வரும்: ரயிலில் ஏறியவன் அதற்கு முன்னால் காரில் போனான் என்று உனக்கு யார் சொன்னது? பேருந்தில் போயிருந்தால்? அந்தக் கேள்விதான் வாதத்தின் ஊகம், விடையும் அங்கேதான் இருக்கும். ஆரம்பத்தில் ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம் ஆகும், பயப்படாதீர்கள், மூன்று வாரத்தில் வேகம் வந்துவிடும்.

நாளுக்குப் பன்னிரண்டு கேள்வி போதும். அதற்கு மேல் வேண்டாம். அந்தப் பன்னிரண்டையும் சரியோ தவறோ முழுக்க அலசுங்கள், ஊகித்துச் சரியானதும் தவறுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவையும் பிள்ளையையும் எங்காவது அழைத்துப் போங்கள். இது படிப்புக்கான யோசனைதான், தள்ளிவிடாதீர்கள்.

ஜார்ஜ் டவுன் மாணவி:

அண்ணா, ஜிஆர்ஈ என்ற இன்னொரு நுழைவுத் தேர்வை யோசித்தீர்களா? 2023 செப்டம்பரிலிருந்து அது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, கணக்குக்குத் திரையிலேயே கால்குலேட்டர் தருகிறார்கள். நிறைய எம்பிஏ கல்லூரிகள் இரண்டில் எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. ஒன்றில் தேங்கினால் மற்றதை ஒரு முறை எழுதிப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

பிரிக்பீல்ட்ஸ் மாடிவீடு:

தங்கச்சி சொல்வது தவறில்லை, ஆனால் ஜிஆர்ஈயில் சொல்வளம் ஒரு பெரிய பகுதி, அதற்குத் தனியாக இரண்டு மூன்று மாதம் வேண்டும். வெர்பல் 80-ல் இருக்கிறவர் நாற்பது புள்ளிக்காக வேறு தேர்வுக்குப் போக வேண்டாம் என்பேன். இருக்கிற தேர்வில் அந்த நாற்பது கிடைக்கும்.

அக்கா மூன்றாவது வகையைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார், நேரம். நான் நின்றது அங்கேதான், அதனால் அதை மட்டும் சொல்கிறேன். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். குவான்ட் 21 கேள்வி, வெர்பல் 23, டேட்டா இன்சைட்ஸ் 20. குவான்டில் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் சொச்சம் வரும். பொறியாளர்களுக்கு இதில் ஒரு நோய் உண்டு, எனக்கும் இருந்தது: கணக்கு என்று ஒன்று எதிரே வந்துவிட்டால் அதை முடிக்காமல் எழுந்திருக்க மனசு வராது. எட்டாவது கேள்வியில் ஐந்து நிமிடம் போகும், சரியாகவும் வரும், மனசுக்கு நிறைவாகவும் இருக்கும், கடைசி மூன்று கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவோம். அந்த மூன்றில் இரண்டு சுலபமானதாக இருந்திருக்கும். தேர்வு நம் விடையைப் பார்த்துப் பார்த்து அடுத்த கேள்வியைத் தருகிறது, கடினமானதைத் தவறவிட்டால் அவ்வளவாக அடி விழாது, சுலபமானதைத் தவறவிட்டால்தான் பலமாக விழும். விடை தராமல் விட்டால் இன்னும் மோசம்.

நான் வைத்துக்கொண்ட வழக்கம்: ஏழு கேள்வி முடிந்தால் 30 நிமிடம் மீதி இருக்க வேண்டும், பதினான்கு முடிந்தால் 15. நடுவில் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டேன். ஒரு கேள்வியில் ஒரு நிமிடம் போயும் வழி தெரியவில்லை என்றால், வழி தெரியவில்லை என்பதுதான் முக்கியம், கணக்கு நீளமாக இருப்பது அல்ல, அந்த இடத்தில் ஏதோ ஒரு விடையை அழுத்தி, புக்மார்க் போட்டு, நகர்ந்துவிடுவேன். பகுதியின் கடைசியில் நேரம் மிஞ்சினால் மூன்று விடை வரை மாற்றலாம். எத்தனை கேள்விக்கு வேண்டுமானாலும் புக்மார்க் போடலாம், ஆனால் மாற்ற முடிவது மூன்று மட்டும்தான், அதனால் எதற்குத் திரும்பிப் போகிறோம் என்று முன்பே மனதில் வைத்திருக்க வேண்டும். நான் நோட்டுப் பலகையின் ஓரத்தில் கேள்வி எண்ணையும் பக்கத்தில் ஒரு புள்ளியையும் வைப்பேன், இரண்டு புள்ளி என்றால் கட்டாயம் திரும்ப வேண்டும்.

இதைப் பழகுவது கஷ்டம். விட்டுவிடுவதைத் தனியாகப் பயிற்சி செய்தேன்: 21 கேள்வி எடுத்துக்கொண்டு அதில் மூன்றைக் கட்டாயம் கைவிட வேண்டும் என்று எனக்கே விதி. எந்த மூன்று என்று சரியாகத் தேர்ந்தெடுத்தேனா என்பதைத்தான் பிறகு பார்ப்பேன், மற்ற பதினெட்டின் மதிப்பெண்ணைப் பார்க்க மாட்டேன். இரண்டு வாரம் நெஞ்சு அடித்துக்கொண்டது, அப்புறம் பழகிவிட்டது.

இன்னொன்று, உங்களுக்கு மிகவும் இறங்கியிருப்பது டேட்டா இன்சைட்ஸ், 78. மொத்த மதிப்பெண்ணில் மூன்று பகுதிக்கும் ஒரே எடைதான். கணக்கில் 82-ஐ 84 ஆக்கக் கொட்டுகிற உழைப்பை இங்கே கொட்டினால் சீக்கிரம் ஏறும். அட்டவணை, வரைபடம் எல்லாம் உங்களுக்குத் தொழிற்சாலையில் தினமும் பார்க்கிற பொருள்தானே. பகுதிகளை எந்த வரிசையிலும் எழுதலாம், மூளை புதிதாக இருக்கும்போது முதலில் இதை எழுதிப் பாருங்கள், அப்புறம் பத்து நிமிட இடைவேளையை எங்கே எடுப்பது என்று முடிவு செய்யலாம்.

பட்டர்வொர்த்காரன்:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது.

அக்கா, எண்ணிப் பார்த்தேன். 412 தவறு, அதில் 263 இடத்தில் கவனக்குறைவு என்று இருக்கிறது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து அறுபதை எடுத்து, விடையும் கடிகாரமும் இல்லாமல் மறுபடி செய்தேன். 38 மறுபடியும் தவறு. இத்தனை நாளாகக் கவனக்குறைவு என்று எழுதியதெல்லாம் உண்மையில் எனக்குப் பிடிபடாததுதான். அதிலும் பதினொன்று உங்கள் நாசி லெமாக் கணக்கின் சாயலில்தான் இருந்தன, எண்ணக்கூடிய பொருள், ஒரு தொகை. ஒரே தவறைப் பதினொரு முறை செய்திருக்கிறேன், பதினொரு முறையும் வேறு வேறு தலைப்பில் குறித்து வைத்திருக்கிறேன்.

கிரிட்டிக்கல் ரீசனிங்கைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். காரில் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது முந்தின இரவு படித்த பத்தியை வாய்விட்டுச் சொல்வேன். வேகம் இன்னும் வரவில்லை, ஆனால் இரண்டு விடைக்கு நடுவே தடுமாறுவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணா, மூன்றைக் கைவிடுகிற பயிற்சி எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது. நேற்றுக்கூட ஒரு விகிதக் கணக்கை விட மனசில்லாமல் நான்கு நிமிடம் கொடுத்துவிட்டேன். அதை நோட்டில் முழு வாக்கியமாக எழுதினேன்: "வழி தெரிந்ததால் உட்காரவில்லை, விட்டால் தோற்றது போல் இருக்கும் என்பதால் உட்கார்ந்தேன்."

ஐந்தாவது மாதிரித் தேர்வை இந்த ஞாயிறு காலை, நன்றாகத் தூங்கி எழுந்து, டேட்டா இன்சைட்ஸை முதலில் வைத்து எழுதினேன். 625. குவான்ட் 82-லேயே இருக்கிறது, வெர்பல் 81, டேட்டா இன்சைட்ஸ் 80. ஒரே தேர்வை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் மூன்று மாதத்தில் முதல்முறையாக வேறு ஒரு எண்ணைப் பார்க்கிறேன். எழுதி முடித்து மத்தியானம் மூவரும் படகில் தீவுக்குப் போய் வந்தோம்.

ஒரு கேள்வி மட்டும். தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாமா, கோலாலம்பூர் வந்து மையத்தில் எழுதலாமா?

செந்தூல் அக்கா:

சந்தோஷம் தம்பி. அந்த 38-ஐ விட்டுவிடாதீர்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள், அதிலும் தவறுவது எது என்று பாருங்கள். ஆறாவது மாதிரித் தேர்வு இன்னும் ஐந்து வாரத்துக்கு வேண்டாம்.

வீட்டில் எழுதினால் அறையில் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில், கதவைத் தட்டாமல் இரண்டேகால் மணி நேரம் இருக்க முடியுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் மையத்தில்தான் எழுதினேன். நீங்கள் வருவதென்றால் முந்தின நாளே பட்டர்வொர்த்தில் ஈடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கிவிடுங்கள். இரவு நன்றாகத் தூங்கி, காலையில் பசியாறிவிட்டுப் போகலாம். ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் 16 நாள் இடைவெளி வேண்டும், அதனால் விண்ணப்பக் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே முதல் தேதியைப் பிடித்துவிடுங்கள். ஆயிரம் வெள்ளிக்கு மேல் கட்டுகிற விஷயம், அவசரத்தில் தேதி எடுக்க வேண்டாம்.

குவான்ட் அசையவில்லை என்றால் அந்த விகிதக் கணக்கை இங்கே போடுங்கள். எங்கே உட்கார்ந்தீர்கள் என்று பார்ப்போம்.